தலைப்புக் கோப்பில் தொலைந்த பெயர்கள்

சி மொழியை 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு 1989-இல் தான் அமெரிக்கத் தர நிறுவனம் இலக்கணம் வகுத்தது. அதற்குள் அவரவர் வசதிக்கேற்பப் பெயர் சூட்டிக்கொண்டனர். 'அன்சைன்டு இன்ட்' என நீட்டி எழுதச் சோம்பிய பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் 'யு_இன்ட்' என்றனர். (சோம்பலும் சில வேளை நன்மையே!)

என் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினியில்தான் நான் சி பயில்கிறேன். அதிலுள்ள பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. அந்நிறுவனமும், தாம்பரம் இரயிலில் நாம் கடந்து செல்லும் குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்தே 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின.

பழைய நிரலொன்றைத் தொகுத்தால் 'அன்நோன் டைப் நேம் யு_இன்ட்' எனப் பிழை வருகிறது. வீட்டில் கேட்க ஆளில்லாத நம்மில் பலர், 'நிரல் நமக்கு வராது' என்று அந்த ஒரு வரியிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் பெயர் எங்கும் போய்விடவில்லை. 'சிஸ்/டைப்ஸ்.எச்' கோப்பிலேயே, ஒரு நிபந்தனைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. '-எஸ்டிடி=சி99' என்று கட்டளையிட்டால் தர இலக்கணத்துக்கு உட்பட்டவை மட்டுமே வெளிவரும்; கதவு சாத்தப்படும். '-எஸ்டிடி=ஜிஎன்யு99' என மாற்றினால் திறந்துகொள்ளும். அல்லது, முதல் 'இன்க்ளூட்' வரிக்கு முன்பே '_டிஃபால்ட்_சோர்ஸ்' என வரையறுக்கலாம். 2014-இல் வந்த ஜிலிப்சி 2.20-க்கு முந்தையதாயின் '_பிஎஸ்டி_சோர்ஸ்'. பின்னால் எழுதினால் பயனில்லை. கோப்பு அதற்குள் படிக்கப்பட்டிருக்கும்.

கணினியின் தலைப்புக் கோப்பையே திருத்துவோரும் உளர். அடுத்த புதுப்பித்தலில் அத்திருத்தம் அழிந்துவிடும். நண்பரின் கணினியிலோ அது இராது.

இதைவிடப் பொல்லாதது, பிழை காட்டாத தவறு. டர்போ சி-யில் 'அன்சைன்டு லாங்' 4 பைட். 64 பிட் லினக்ஸில் 8. பிஎம்பி படக் கோப்பின் 19-ஆவது பைட் முதல் 4 பைட் அகலம், அடுத்த 4 உயரம். டர்போ சி நிரலை அப்படியே லினக்ஸில் ஓட்டினால் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக விழுங்கிவிடும், எச்சரிக்கையும் வராது. இதற்காகவே 1999-ஆம் ஆண்டுத் தரம் 'எஸ்டிடிஇன்ட்.எச்' கோப்பைத் தந்தது. அதிலுள்ள 'யுஇன்ட்32_டி' எக்கணினியிலும் 32 பிட்தான். டர்போ சி அதற்கு மூத்தது, ஆதலின் அக்கோப்பு அதில் இல்லை. அங்கு மட்டும் 'அன்சைன்டு லாங்'கை அப்பெயருக்கு நாமே 'டைப்டெஃப்' செய்துகொள்ளலாம்.