முட்டை பொரிய 10 கிலோமீட்டர்: போன் பசங்களைத் தெருவுக்கு இறக்குமா?

"பையன் போனை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறான்"னு புலம்பாத வீடு இப்போ குறைவு. அந்தப் போனே அவனை வெளியே விளையாட அனுப்புமா? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறேன்.

இதுக்குப் பெரிய உதாரணம் போக்கிமான் கோ. 2016 ஜூலையில் வெளிநாடுகளில் வந்தது. டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. நீங்க எங்கே நிற்கிறீங்கன்னு ஜிபிஎஸ் பார்க்கும். வந்த புதுசுல ஒரு முட்டை பொரிய 2, 5 இல்லைன்னா 10 கிலோமீட்டர் நடக்கணும்னு இருந்துச்சு. 10 கிலோமீட்டர்னா, ராஜபாளையத்துல கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கிடலாம். பஸ்ல ஏறி ஏமாத்தவும் முடியாது. வேகம் கூடினா தூரக் கணக்கு ஏறாது.

பலன் இருந்துச்சா? ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுக்காரங்களோட போன் பதிவுகளைப் பார்த்தாங்க. முதல் வாரம் தினமும் சராசரியா 955 ஸ்டெப் கூடுதல். ஆறாவது வாரம் பழையபடி ஆயிட்டாங்க. அதாவது, கேம் ஆளை வாசல் தாண்ட வைக்கும். தொடர்ந்து ஓட வைக்க அது மட்டும் போதாது.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு சிக்கல். கேம்ல வர்ற 'போக்கிஸ்டாப்' பலதும் அதே கம்பெனி உருவாக்கின பழைய கேமான இன்கிரஸ் ஆடினவங்க குறிச்சுக் கொடுத்த இடங்கள். ஆடுறவங்க கம்மியா இருந்த ஊர்ல ஸ்டாப்பும் கம்மி.

அதனால நான் ஊருக்குப் போனா, அக்கா பசங்களுக்கு நானே கேம் செஞ்சிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் காலையிலேயே நடந்து, ஒரு தூண், பழைய கதவுக் குமிழ், கோபுரத்தோட ஒரு மூலைன்னு குளோசப்பா ஐந்து போட்டோ எடுப்பேன். படத்தைக் காட்டினதும் பசங்க ஓடித் தேடணும். ராஜபாளையத்துல தென்காசி ரோடு பக்கமே போகமாட்டோம். பஸ்ஸும் லாரியும் ஓயாது. வண்டி வராத உள்தெரு போதும். முக்கியமான விதி: போன் பெரியவங்க கையில்தான். குனிஞ்ச தலையோட நடக்கிற பையன் வண்டியைப் பார்க்கமாட்டான்.

5 முதல் 17 வயசுப் பிள்ளைகள் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்க விளையாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஐந்து போட்டோ அதுல பாதி நேரத்தைக் கொடுக்கும். மீதியைப் பசங்களே பார்த்துக்குவாங்க. தேடி முடிச்ச இடத்துலயே யாராவது 'நீதான் பிடி'ன்னு ஆரம்பிப்பாங்க. அப்போ போனைப் பையில போட்டுருங்க. அதோட வேலை முடிஞ்சுது.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.