அரிந்த மரக்கறியும் அரிந்த கைகளும்

ஹெந்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலாய இடங்களின் கடைகளில் அரிந்த வல்லாரை, பொன்னாங்காணி, துண்டாக்கிய பிஞ்சுப்பலா என்பன பொலித்தீன் பைகளில் விற்கப்படுதலைக் காண்கிறோம். வீட்டுப் பெண்ணின் ஊதியமற்ற உழைப்பாயிருந்த அரிதல், பிறிதோரிடத்திற் கூலியுழைப்பாகிப் பண்டமாய் வந்து சேர்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது நேரத்தை மீட்டுத் தருவது. ஆதலின் இதனைப் பழித்தல் எமது நோக்கமன்று. ஆயின் அப்பண்டத்தின் தூய்மை எதிலே தங்கியுள்ளது என்பது ஆராயத்தக்கது.

கத்தி பட்டதும் தாவரக் கலங்கள் சிதைந்து சாறு வெளிப்படுகிறது. ஒட்சிசன் சேர, நொதியங்கள் வெட்டுவாயைக் கபிலநிறமாக்குகின்றன. சுவாசம் விரைந்து வாட்டம் மிகுகிறது. அச்சாறே நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. 5 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் அவற்றின் பெருக்கத்தைத் தாமதிக்கும். லிஸ்தீரியாவோ குளிரிலும் பெருகவல்லது. பிஞ்சுப்பலா நன்கு சமைக்கப்படுவதால் ஆபத்துக் குறைவு. வல்லாரைச் சம்பலோ பச்சையாக உண்ணப்படுவது. பசுமைத் தோற்றம் பாதுகாப்புக்குச் சான்றாகாது. 2006 இல் ஐக்கிய அமெரிக்காவிற் பையிலடைத்த ஸ்பினாச் கீரைவழி ஈ.கோலை பற்றீரியா பரவி, ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், மூவர் மாண்டனர்.

இவ்விடத்து, 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே லண்டன் ரொட்டிச்சாலைகள் பற்றி மார்க்ஸ் கூறுவன மனங்கொள்ளத்தக்கன. ரொட்டியில் வியர்வையும் சிலந்திவலையும் கலந்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்ட பின்னரே, 1863 இல் அத்தொழில் அரச பரிசோதனைக்கு உட்பட்டது. 18 வயதுக்குட்பட்டோர் இரவு 9 மணி முதல் காலை 5 மணிவரை உழைப்பதை அதே சட்டம் தடைசெய்தது. உணவின் மாசும் உழைப்பவரின் அவலமும் ஒரே உற்பத்திமுறையின் இரு முகங்கள் என்பது இதனாற் புலனாகும்.

இலங்கையின் 1980 ஆம் ஆண்டு 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், சுகாதாரமற்ற நிலையில் உணவு தயாரித்தலைத் தடைசெய்கிறது. எனினும் பண்டத்தை மட்டும் பரிசோதித்தல் போதாது. கீரை அரியும் இடத்திற் சுத்தமான நீரும் சவர்க்காரமும் மலசலகூடமும் உண்டா? வயிற்றோட்டம் கண்ட நாளில் அவர் கூலியிழக்காது வீட்டிலிருக்க இயலுமா? இயலாதெனின், அவரது நோய் அந்தப் பையினூடாக எம் உணவுத் தட்டுக்கும் வரும்.

வாங்குவோர் குளிரில் வைத்த, நீர் கசியாத பையைத் தேர்ந்து, திகதி பார்த்து, அன்றே பயன்படுத்தல் நன்று. ஆயின் நுகர்வோரின் விழிப்பு, அரிந்தவரின் உரிமைக்கு ஈடாகாது. இவ்வுரிமையை அருளாகவன்றி, உணவுப் பாதுகாப்பின் முதல் நிபந்தனையாகவே நாம் கொள்ளல் வேண்டும்.