துருப்பிடிக்காத உடல், துருப்பிடிக்கும் எலும்பு

கேமரன் மலைக்குச் சென்றிருந்தால், காய்கறிக் கூடைகளைச் சுமந்து செல்லும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மழையும் ஈரமும் ஓயாத அந்த மலையில், இத்தனை ஆண்டுகளாகியும் அவற்றின் உடற்பகுதி துருப்பிடிக்காதது ஏன்?

விடை, 1948இல் வெளிவந்த முதல் வண்டியிலேயே இருக்கிறது. உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆகவே, ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் உருவாக்கிய அந்த வண்டிக்கு, அலுமினியத்துடன் மெக்னீசியம் கலந்த பிர்மாபிரைட் தகடு பயன்பட்டது. விலையுயர்ந்த அச்சுகளைத் தவிர்ப்பதற்காகத் தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே அமைந்தன. நசுங்கினால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

காற்றுப் பட்டதும் அலுமினியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் உலோகத்தை அது காக்கிறது. இரும்பின் துருவோ உதிர்ந்து, அடுத்த பரப்பையும் ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகுதான். சேறு தங்கினால் அது அரித்துப்போகும். அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் புகுந்தால், அந்த இடம் சிறு மின்கலம் போலாகிவிடும். அப்போது அலுமினியமே அரிக்கப்படும்.

அந்த வரிசையின் கடைசி டிஃபெண்டர், 2016 ஜனவரி 29ஆம் தேதி இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் தயாரானது. இனி கிடைப்பவை பழைய வண்டிகளே. வாங்க நினைக்கிறீர்களா? மேலே உள்ள பளபளப்பில் மயங்காதீர்கள். குனிந்து, அடிச்சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். வண்டியின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.