தாயைப் பிரிக்க அவசரம் வேண்டாம்: சிறிய இன நாய்க்குட்டிகளின் முதல் எட்டு வாரம்

பினாங்குத் தீவில் அடுக்குமாடி வீடுகள் பெருகியதும் நாய் வளர்க்க ஆசைப்படுபவர்களின் பார்வை சிறிய இனங்கள் பக்கம் திரும்பிவிட்டது. சிவாவா, பொமரேனியன், டாய் பூடில், ஷிட்சு, மால்டீஸ் எல்லாம் கூடத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும். வாங்க வருகிறவர்களோ "இதைவிடச் சின்னது இருக்கா?" என்று கேட்கிறார்கள். அந்த ஆசைக்குத் தீனி போட, தாயிடம் இன்னும் பால் குடிக்க வேண்டிய குட்டி கைமாறிவிடுகிறது. எந்த நாய்க்குட்டியானாலும் எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். மிகச் சிறிய இனமென்றால் பத்து, பன்னிரண்டு வாரம் வரை வைத்திருப்பது இன்னும் நல்லது.

முதல் இரண்டு வாரம்: பாலும் சூடும்

சிவாவா குட்டி பிறக்கும்போது பெரும்பாலும் 80 முதல் 150 கிராம்தான் இருக்கும். கண் திறந்திராது, காது கேட்காது. சிறுநீர், மலம் கழிக்கக்கூடத் தாய் வயிற்றை நக்கிவிட வேண்டும். பிறந்த முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போய்ச் சேருகிறது. 24 மணி நேரம் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளாது.

பினாங்கு வெயிலில் குட்டிக்கு ஏது குளிர் என்று தோன்றலாம். ஆனால் முதல் வாரத்தில் குட்டியின் உடல் சூடு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். இத்தீவின் தண்ணீர்மலை அடிவாரத்தில் மழை கொட்டும் இரவில், ஓடு பதித்த தரையில், மின்விசிறிக்கு நேர்கீழே கிடக்கும் குட்டி விறைத்துவிடும். குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது. அதன் குடல் அப்போது வேலை செய்யாது. முதலில் மெதுவாகச் சூடேற்றி, பிறகுதான் பால்.

தாய்ப்பால் போதவில்லை என்றால் பசும்பாலோ டின் பாலோ தீர்வாகாது. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கால்நடை கிளினிக்குகளில் நாய்க்குட்டிகளுக்கென்றே பால்மாவு கிடைக்கிறது.

குட்டி தேறுகிறதா என்பதைச் சமையலறை டிஜிட்டல் தராசே சொல்லிவிடும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். முதல் நாள் எடை சற்றுக் குறையலாம். அதன்பின் நாள்தோறும் ஏறி, ஏழு முதல் பத்து நாளில் பிறந்த எடையைப் போல இரு மடங்காக வேண்டும். ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாயையும் கவனியுங்கள்

குட்டி போட்ட முதல் நான்கு வாரத்தில் சிறிய இனத் தாய்களுக்குப் பால் சுரந்து சுரந்து இரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கிவிடுவதுண்டு. தாய் நிலைகொள்ளாமல் மூச்சிரைக்கும், கால்கள் விறைக்கும், உடல் நடுங்கும், கடைசியில் வலிப்பு வரும். இது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் அவசர நிலை. குட்டிகளை உடனே விலக்கிவிட்டுக் கிளினிக்குக்கு ஓட வேண்டும். இதற்குப் பயந்து சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கத்தை இழந்து, ஆபத்து கூடிவிடும்.

சர்க்கரை இறங்கினால்

மிகச் சிறிய குட்டியின் கல்லீரலில் சேமிப்பு குறைவு. தாயைப் பிரிந்த ஏக்கம், நீண்ட கார்ப் பயணம், ஒரு வேளைப் பட்டினி, வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்றே போதும், இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். குட்டி துவண்டுபோகும், தள்ளாடும், ஈறு வெளுக்கும். துளித் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் விரையுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

மூன்றரை, நான்கு வாரத்தில் கூழாகக் குழைத்த குட்டி உணவைப் பழக்கத் தொடங்கலாம். தட்டிலிருந்து தானே தின்னப் பழகிய பிறகும் மிகச் சிறிய குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக உணவு வேண்டும். இதற்கெல்லாம் பழகுவதற்குள் வீடு மாற்றினால் குட்டி தாங்காது.

புழுவும் தடுப்பூசியும்

உருண்டைப்புழு கருவிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே வரும். அதனால் இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்து தொடங்கி, எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். உருண்டைப்புழு முட்டை குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். கழிவை உடனுக்குடன் அகற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையும் முறியடிக்கக்கூடும் என்பதால் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். குட்டி சின்னது, பாதி டோஸ் போதும் என்பது தவறு. முழு டோஸே வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஊசிகள் முடியும்வரை வெளியே தூக்கிக்கொண்டு போகலாம். பொதுத் தரையில் இறக்கிவிட வேண்டாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் தலைகாட்டியதை நாம் மறந்துவிடலாகாது. அதற்கான ஊசியை 12 வாரம் ஆனதும் எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடன்பிறந்தவை கற்றுத் தரும் பாடம்

கண் பத்து முதல் பதினான்கு நாளில் திறக்கும். மூன்றாம் வாரத்தில் காது நன்றாகக் கேட்கத் தொடங்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் புல்லரும் 1965-இல் வெளியிட்ட நூல், மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையிலான காலமே நாய் பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்று காட்டியது. உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இப்படித்தான் எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு பிடிபடுகிறது. 2011-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட நாய்களிடம் அதிகக் குரைப்பு, சத்தத்துக்கு அஞ்சுதல், பொருட்களைக் கடித்து நாசமாக்குதல் ஆகியவை இரண்டு மாதத்தில் பிரிந்தவற்றைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் உருமி மேளமும் தேங்காய் உடைபடும் சத்தமும் காதைப் பிளக்கும். சீனப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வெடி வேறு. குட்டிக்குக் காது கேட்கத் தொடங்கும் நாள்களிலேயே குக்கர் விசில், மிக்சி, மோட்டார் சைக்கிள் என்று வீட்டு ஓசைகளைத் தூரத்திலிருந்து, மெதுவாகக் கேட்கவிடுங்கள். அதிரடியாகப் பழக்கினால் பயம்தான் மிஞ்சும்.

வாங்கும் முன்

தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள்: எட்டு வாரத்தில் பொதுவாக 28 பால்பற்களும் முளைத்திருக்கும். சிறிய இனங்களில் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் முன்பற்களே அரைகுறையாக இருந்தால் சொல்லப்பட்ட வயதை நம்ப வேண்டாம். பூச்சி மருந்து, தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். தட்டிலிருந்து தானாகத் தின்கிறதா என்று நின்று பாருங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டுக் குட்டியை எட்டு வாரம் முடியும்வரை தாயிடமே விட்டுவையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் நல்ல வளர்ப்பாளர் அல்ல.