ஆறு பவுண்டு விலையில் ஒரு கூட்டம்: பிராட்ஃபோர்டு சிட்டியின் மலிவுச் சீட்டுகள்

இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சியில் இருக்கும் பிரீமியர் லீக்கின் 20 கழகங்களுக்கு வருமானத்தின் பெரும்பகுதி தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையிலிருந்தே வருகிறது. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ எனப் படிப்படியாக இறங்கும் மூன்று பிரிவுகளில், பிரிவுக்கு 24 என 72 கழகங்கள் ஆடுகின்றன. இவற்றுள் கடைசி இரண்டு பிரிவுகளில் உள்ளவற்றுக்கு ஒளிபரப்புப் பணம் ஒப்பளவில் மிகக் குறைவாகவே கிடைப்பதால், சனிக்கிழமை பிற்பகலில் மைதானத்தின் வாயிலைக் கடந்து எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வீரர்களின் சம்பளம் முதல் புல்தரைப் பராமரிப்பு வரை அனைத்தும் அமைகின்றன. ஆகவே கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்று நுழைவுச்சீட்டுக்கு விலை குறிக்கும்போது அந்த ஆண்டின் வரவுசெலவைத் தீர்மானிப்பதோடு, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த ஊரில் யாரெல்லாம் அதன் ஆட்களாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டு சிட்டி கழகத்தின் வரலாற்றில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் உதவும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், மக்களிடம் கூலிப் பணம் இருந்தும் அதைச் செலவிட வேறு வாய்ப்புகள் குறைந்திருந்த 1948-49 பருவத்தில், அன்று உச்சப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளையும் உள்ளடக்கியிருந்த ஃபுட்பால் லீக்கின் ஆட்டங்களைப் பார்க்க 4 கோடியே 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். தொலைக்காட்சி, சொந்தக் கார், தொழிற்சாலை மூடல்கள், மைதான வன்முறை, பழுதுபார்க்கப்படாத அரங்குகள் என்று பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடியபின், கழகங்களின் எண்ணிக்கை 88இலிருந்து 92ஆக உயர்ந்திருந்தும், 1985-86 பருவத்தில் அந்தத் தொகை ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சமாகச் சுருங்கியது. இதற்கிடையே 1983இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை லீக் ஆட்டங்களின் வாயில் வசூலில் ஒரு பங்கு விருந்தினராக வந்து ஆடும் அணிக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. அந்த ஆண்டு முதல் வசூல் முழுவதும் மைதானத்துக்குரிய கழகத்துக்கே சேர்ந்தது. பெரிய கூட்டமுள்ள கழகங்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்தது. சிறிய கழகங்களோ தம் ஊராரை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய நிலைக்கு வந்தன.

கீழ்ப்பிரிவுகளின் கூட்டத்தைக் காக்க ஒரு வேலி 1960களிலிருந்து இருந்துவருகிறது. பர்ன்லி கழகத்தின் தலைவராக இருந்த பாப் லார்டின் முயற்சியால் தோன்றிய அந்த ஏற்பாட்டின்படி, சனிக்கிழமை பிற்பகல் 2.45 மணிக்கும் 5.15 மணிக்கும் இடையே பிரிட்டனில் பொதுவாக எந்தக் கால்பந்து ஆட்டமும் நேரலையாக ஒளிபரப்பப்படுவதில்லை. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே தெரிந்தால் பக்கத்து மைதானத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்ற அச்சமே அதன் அடிப்படை. ஆனால் 2024-25 முதல் நடப்பிலுள்ள ஒளிபரப்பு ஒப்பந்தத்தின்படி, கீழ்ப்பிரிவுகளின் ஆட்டங்களே பருவம் ஒன்றுக்கு 1,000க்கும் மேல் நேரலையில் வருவதால், வழக்கமான மூன்று மணி ஆட்டங்கள் பலவும் நண்பகலுக்கும் வேறு நாள்களுக்கும் இடம் மாறுகின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் குடும்பத்துக்கும், தொலைவிலிருந்து ரயிலேறி வரும் ரசிகருக்கும் இந்த மாற்றத்தால் ஏற்படும் சிரமம் கணக்கேடுகளில் பதிவாவதில்லை.

பிராட்ஃபோர்டு, கம்பளி ஆலைகளால் வளர்ந்து, அந்த ஆலைகள் மூடியபின் தளர்ந்த தொழில் நகரம். 1903இல் மேனிங்ஹாம் என்ற ரக்பி கழகம் கால்பந்துக்கு மாறியதால் உருவான பிராட்ஃபோர்டு சிட்டி, 1911இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அதன் வேலி பரேடு மைதானத்தில் 1985 மே 11 அன்று, மூன்றாம் பிரிவுப் பட்டத்தைக் கொண்டாட 11,076 பேர் கூடியிருந்தபோது, பழைய மரத்தாலான பிரதான ஸ்டாண்டில் தீப்பற்றி 56 பேர் உயிரிழந்தனர். இன்று எந்த மைதானத்திலும் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்ற உச்சவரம்பு பாதுகாப்புச் சான்றிதழைக் கொண்டு கண்டிப்பாக வரையறுக்கப்படுவதற்கு, இந்தத் துயரத்தையும் 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் உயிரிழந்த துயரத்தையும் தொடர்ந்து நடந்த விசாரணைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நுழைவுச்சீட்டு விற்பனை பற்றிய எந்தப் பேச்சும் இந்த அடித்தளத்தின் மீதுதான் நிற்கிறது.

1999 முதல் 2001 வரை இரண்டு பருவங்கள் பிரீமியர் லீக்கில் ஆடிய கழகம், அந்தக் காலத்தில் மைதானத்தை ஏறத்தாழ 25,000 இருக்கைகளுக்கு விரிவாக்கியது. பிறகு சரிவு விரைவாக வந்தது: 2002இலும் 2004இலும் திவால் நிர்வாகத்தின் கீழ் சென்றது, 2003இல் மைதானமே விற்கப்பட்டு, சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் நிலை வந்தது, 2007இல் நான்காம் பிரிவான லீக் டூவுக்கு இறங்கியது. பிரீமியர் லீக்குக்காகக் கட்டிய அரங்கில், முந்தைய பருவத்தின் சராசரிக் கூட்டம் 10,000ஐக்கூட எட்டியிருக்கவில்லை. அணி கீழிறங்கினால் கூட்டம் இன்னும் குறையும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு.

அந்த வேளையில்தான் கழகம் பருவச் சீட்டின் விலையை வெட்டியது. பருவச் சீட்டு என்பது சொந்த மைதானத்தில் நடக்கும் 23 லீக் ஆட்டங்களுக்கும் ஒரே தவணையில் விற்கப்படும் அனுமதி. 2007-08க்கு அதன் விலை 138 பவுண்டு, அதாவது ஆட்டம் ஒன்றுக்குச் சரியாக ஆறு பவுண்டு. லீக் டூவின் பொதுச் சராசரி 5,000ஐக்கூடத் தொடாத அந்தப் பருவத்தில் பிராட்ஃபோர்டின் சராசரி 13,000ஐத் தாண்டியது. அணி ஒரு படி கீழே இறங்கிய ஆண்டில் கூட்டம் ஏறியது! மலிவுச் சீட்டு கழகத்தின் நிலையான கொள்கையாகி, லீக் ஒன்னில் ஆடிய 2015-16இல் விலை 149 பவுண்டாகவும், சராசரிக் கூட்டம் 18,000ஐ ஒட்டியும் இருந்தன.

இதன் பொருளாதாரம் எளிமையானது. அரங்கு ஏற்கனவே கட்டப்பட்டுவிட்டது. வாடகையும் விளக்குச் செலவும் கூட்டத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. புறப்பட்டுவிட்ட பேருந்தின் காலி இருக்கையைப் போல, ஆட்டம் முடிந்தபின் அன்றைய காலி இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. அதில் ஆறு பவுண்டுக்கு ஒருவர் அமர்ந்தால் அந்தப் பணத்தோடு, அவர் வாங்கும் பை எனப்படும் இறைச்சிப் பண்டமும் ஆட்ட இதழும் பிள்ளைக்கான சட்டையும் கழகத்துக்கு வரவாகின்றன. ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கமும் நேர்மையாகப் பார்க்கப்பட வேண்டும். 149 பவுண்டில் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் அடங்கியிருப்பதால், அதைக் கழித்தால் கழகத்துக்கு மிஞ்சுவது சுமார் 124 பவுண்டு. 23ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 5 பவுண்டு 40 பென்னி. பாதிக் கூட்டத்தைக் கொண்டே இரண்டரை மடங்கு விலைக்கு விற்கும் கழகம், வாயிலில் மட்டும் பார்த்தால் இதைவிடக் கூடுதலாகவே ஈட்டும்.

மலிவு விலைக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. அதிக விலை கொடுத்தவர் மழையிலும் வருவார்; குறைந்த விலைக்கு வாங்கியவர் பனிக்கால இரவில் வீட்டிலேயே இருந்துவிடுவது எளிது. பல கழகங்கள் அறிவிக்கும் பார்வையாளர் எண்ணிக்கை விற்ற சீட்டுகளின் எண்ணிக்கையாக இருப்பதால், வராத பருவச் சீட்டுக்காரரும் அதில் சேர்ந்துவிடுகிறார். சுழல் வாயிலைத் தள்ளிக்கொண்டு உண்மையில் உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அறிவிக்கப்படும் எண்ணை விற்பனையின் அளவாகக் கொள்வதே பொருந்தும். அரங்கின் ஆரவாரத்துக்கு அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

பெரிய கூட்டம் வெற்றியைத் தந்துவிடவும் இல்லை. தன் பிரிவில் மிக அதிகமான ரசிகர்களைத் திரட்டிய கழகம், 2007 முதல் 2013 வரை ஆறு பருவங்களும், 2019 முதல் 2025 வரை மீண்டும் ஆறு பருவங்களும் லீக் டூவிலேயே கழித்தது. இடையில் வந்த பெருமைகள் கோப்பைப் போட்டிகளில்தான்: லீக் டூ அணியாகவே பிரீமியர் லீக் கழகங்களான ஆர்சனலையும் ஆஸ்டன் வில்லாவையும் வெளியேற்றி 2013 லீக் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்றதும், 2015 ஜனவரியில் செல்சியை அதன் சொந்த மைதானத்தில் 4-2 என வென்றதும் அவற்றுள் தலையாயவை. கூட்டத்தைப் பொறுத்தவரை இதே பிரிவுகளில் இன்னும் பெரிய உதாரணம் சண்டர்லேண்ட்; 2018 டிசம்பர் 26இல் லீக் ஒன் ஆட்டம் ஒன்றைக் காண அங்கே 46,039 பேர் வந்தனர், எதிரணி இதே பிராட்ஃபோர்டு. அந்தப் பருவத்தின் முடிவில் சண்டர்லேண்டுக்கு ஏற்றம் கிடைக்கவில்லை, பிராட்ஃபோர்டு கீழே இறங்கியது.

பருவச் சீட்டின் இன்னொரு பயன் காலத்தைச் சார்ந்தது. வசந்தத்திலும் கோடையிலும் விற்கும் இந்தச் சீட்டுகளின் பணம், ஆட்டமே இல்லாத மாதங்களில் சம்பளம் கொடுக்க உதவுகிறது. ஆனால் அது முன்கூட்டியே பெறப்பட்ட கடமை. பந்து உருள்வதற்கு முன்பே செலவாகிவிட்டால் குளிர்காலத்தில் கையில் எதுவும் இருக்காது. பார்வையாளர் இன்றியே பெரும்பாலான ஆட்டங்கள் நடந்த 2020-21 பெருந்தொற்றுப் பருவம், வாயில் வசூலை இழந்தால் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் எவ்வளவு விரைவில் தடுமாறும் என்பதை அனைவருக்கும் காட்டியது.

2025 மே 3 அன்று, கடைசி ஆட்டத்தின் 96ஆம் நிமிடத்தில் விழுந்த ஒரு கோலால் பிராட்ஃபோர்டு சிட்டி லீக் ஒன்னுக்கு ஏறியது. செலவு கூடும் மேல்பிரிவில் விலையை உயர்த்தும் தூண்டுதல் எந்த நிர்வாகத்துக்கும் இயல்பாக எழும். உயர்த்திய முதல் ஆண்டில் வெற்றியின் உற்சாகம் காரணமாகச் சீட்டுகள் விற்றும் போகும். ஆனால் பின்னர் விலகத் தொடங்குபவர்கள் முதலில் தம் பிள்ளைகளுக்கான சீட்டைத்தான் விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களுக்குரிய விலை கொடுக்கும் வயதை எட்டும்போதுதான் இழப்பின் அளவு வாயிலில் தெரியவரும், அதற்குள் விலையைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் பொறுப்பில் இருப்பதில்லை.