வளரும் நகரும் வாழும் பழமையும்

ஊர் வளர்வதைக் கண்டு மகிழாதவர் யார்? அகன்ற சாலைகளும் உயர்ந்த மாளிகைகளும் எழும்போது, "நம் ஊர் முன்னேறிவிட்டது" என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் புதியது எழ வேண்டுமானால் பழையது எல்லாம் விழத்தான் வேண்டுமா? எதை இடிக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? இக்கேள்விகளுக்கு விடை தேட, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் என்னும் பாலைவன நகரத்தின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

மண்ணால் எழுந்த நகரம்

டூசான் நகரம் சொனோரா பாலைவனத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் சேர்ந்து அங்கு பெய்யும் மழை ஏறத்தாழ 11 அங்குலமே. 1775-இல் ஸ்பானியர் அங்கு ஒரு கோட்டை அமைத்தனர். பின்னர் மெக்சிக்கோவின் கையிலிருந்த அவ்வூர், 1854-இல் அமெரிக்காவோடு சேர்ந்தது.

மரம் அரிதான அந்நாட்டில் மக்கள் மண்ணையே நம்பினார்கள். களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்து, வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கற்களால் கனத்த சுவர்களை எழுப்பினார்கள். கூரைக்கு அடியில் சகுவாரோ என்னும் நெடிய கள்ளியின் காய்ந்த தண்டுகளைப் பரப்பினார்கள். அக்கனத்த சுவர், பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. குளிர்ந்த இரவில், பகலில் வாங்கிய சூட்டை மெல்ல வெளியிடும். மின்விசிறி இல்லாத காலத்தில் பாலைவனத்தில் வாழ வழிசெய்த அறிவு இதுவே.

இடிந்த வீடுகள்

1940-இல் டூசானில் சுமார் 36,000 பேரே வாழ்ந்தனர். 1960-இல் அத்தொகை 2,12,000-ஐத் தாண்டியது. விமானப்படைத் தளமும், கோடையைத் தாங்க உதவிய குளிர்சாதனக் கருவிகளும், விரிந்துகொண்டே போன நகர எல்லையும் இவ்வளர்ச்சிக்குக் காரணங்களாயின. புதிய நகரத்துக்குப் பெரிய மாநாட்டு மண்டபம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. 1966-இல் வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, நகரின் நடுவே சுமார் 80 ஏக்கர் பரப்பிலிருந்த பழைய வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. 1971-இல் மண்டபம் திறக்கப்பட்டது.

அங்கு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் எளிய மெக்சிக்க அமெரிக்கக் குடும்பத்தினர். சீனரும் கறுப்பின மக்களும் அவர்களோடு கலந்து வாழ்ந்தனர். அதிகாரிகளின் கண்ணுக்கு அது பாழடைந்த சேரி. அம்மக்களுக்கோ அதுவே ஊர். அல்வா தோரெஸ் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அமைந்து, எஞ்சியதையாவது காக்கப் போராடியது. இடிப்புக்குத் தப்பிய சோசா–கரியோ குடும்பத்தாரின் மண் வீடு, இன்று மெக்சிக்க அமெரிக்கரின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அப்பகுதியில் 1916-இல் பிறந்த இசைக் கலைஞர் லாலோ குவெரெரோ, மறைந்துபோன தம் தெருக்களை நினைந்து பாட்டே இயற்றினார்.

மெழுகுவர்த்தி காத்த தெரு

அழிவு அத்தோடு நிற்கவில்லை. மீதியிருந்த வீடுகளின் வழியே ஒரு பெருஞ்சாலை அமைக்கவும் திட்டம் இருந்தது. அங்கு எல் திராதித்தோ என்ற சிறு திறந்தவெளி நினைவிடம் உண்டு. தகாத காதலால் கொலையுண்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காமல், விழுந்த இடத்திலேயே புதைக்கப்பட்ட ஒரு பாவிக்காக மக்கள் அங்கு மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிப்பார்கள். இடிந்த சுவர் ஒன்றைத் தவிர அங்கு மாளிகையும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆயினும் 1971-இல் அவ்விடம் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சாலைத் திட்டம் நின்றது. ஏழை மக்களின் பக்தி, சட்டத்தின் துணையோடு ஒரு தெருவையே காத்தது!

வெண்புறாவின் பாடம்

நகருக்குத் தெற்கே புனித சவேரியார் ஆலயம் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த அதே சவேரியார்தாம். இயேசு சபைத் தந்தை கீனோ 1692-இல் அங்கு சென்றார். இப்போதுள்ள ஆலயத்தை 1783 முதல் 1797 வரை பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில் கட்டினார்கள். வெயிலில் பளிச்சென்று மின்னும் அதனைப் "பாலைவனத்து வெண்புறா" என்று அழைப்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டில், வலுவாக இருக்கும் என்று நம்பி அச்சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு பூசினார்கள். விளைவு நேர்மாறாயிற்று. வெடிப்புகளின் வழியே உள்ளே புகுந்த மழைநீர், சிமெண்டைத் தாண்டி வெளியேற முடியாமல் சுவரிலேயே தங்கியது. உள்ளே இருந்த அரிய ஓவியங்கள் கெடத் தொடங்கின. ஆகவே சிமெண்டை அகற்றி, பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அதில் சேர்த்த பசை எது தெரியுமா? சப்பாத்திக் கள்ளியின் சாறு! சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். கள்ளிச் சாறு பூச்சை இறுகப் பிடிக்கச் செய்யும். நம் முன்னோர் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்ததை இங்கு நாம் நினைவுகூரலாம்.

1992 முதல் 1997 வரை பன்னாட்டு வல்லுநர்கள் உட்புற ஓவியங்களையும் சிலைகளையும் தூய்மை செய்தனர். அவர்களோடு தொகோனோ ஓதம் என்னும் அம்மண்ணின் பழங்குடியினர் சிலரும் சேர்ந்து அக்கலையைக் கற்றுக்கொண்டனர். வல்லுநர் ஊர் திரும்பினாலும் அறிவு அங்கேயே தங்கிவிட்டது.

கலையால் வாழும் கட்டடங்கள்

பூட்டிவைத்த கட்டடம் நெடுநாள் நிற்பதில்லை. டூசானில் இசையன்பர்களான பெண்களின் சங்கம் ஒன்று முயன்று 1927-இல் உருவாக்கிய இசை, கலைக் கோயில், செப்பனிடப்பட்டு 1990 முதல் நாடக அரங்காக விளங்குகிறது. 1930-இல் திறந்து 1974-இல் மூடிய ஃபாக்ஸ் திரையரங்கம் 2005-இல் மீண்டும் விளக்கேற்றியது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. செப்பனிட்ட பழைய வீடுகளின் விலை இன்று மிக உயர்ந்துவிட்டது. அவற்றில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு அவை எட்டாக்கனி. சுவரைக் காத்து மனிதரை இழப்பது அரைகுறைக் காப்பே அன்றோ?

"குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை" என்பது பழமொழி. 80 ஏக்கர் பழமையை இடிக்கச் சில ஆண்டுகளே போதுமாயின. எத்தனை கோடி செலவிட்டாலும் அது திரும்பப் போவதில்லை. ஆகவே அன்புத் தோழியரே, நம் ஊரில் ஒரு பழைய வீடோ, சத்திரமோ, சிற்றாலயமோ இடிபடப்போவதாகக் கேள்விப்பட்டால், "அதைக் கட்டியவர் யார்? அதில் வாழ்பவர் யார்? அவர்கள் எங்கே போவார்கள்?" என்று முதலில் கேட்போம். வீட்டிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் அதன் கதையைக் கேட்டு எழுதிவைப்போம். காக்க வேண்டியது எது என்பது, முதலில் அதை அறிந்தவர்களுக்கே தெரியும்.