பருந்தும் விமானமும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய எல்லையோர ஊர்களிலிருந்து பொருள் தேடிக் கடல் கடந்து செல்லும் நம்மவர் பலருக்குத் திருவனந்தபுரம் விமான நிலையமே வீட்டு வாயில் போன்றது. மகனை வழியனுப்பும் தாயும், கணவனின் வரவை எதிர்நோக்கும் மனைவியும் அங்கேதான் காத்து நிற்கின்றனர். விமானம் மேலெழுந்து புள்ளியாய் மறையும்வரை அவர்கள் நெஞ்சமும் அதனுடன் செல்கிறது. புயலை எண்ணி அஞ்சுவார்கள். இயந்திரக் கோளாறை எண்ணி அஞ்சுவார்கள். வானில் அமைதியாக வட்டமிடும் பருந்தைக் கண்டு அவர்கள் அஞ்சுவதில்லை. ஆனால் விமானிகள் அஞ்சுகின்றனர். அதன் காரணத்தை நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

ஒரு கிலோ எடையுள்ள பறவை நம் தோளில் வந்து அமர்ந்தால் நாம் தாங்குவோம். அதே பறவை, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தின்மீது மோதினால் நேர்வது வேறு. 25 கிலோ அரிசி மூட்டையைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு வேகமாக வந்து தாக்குமோ, அவ்வளவு ஆற்றல் ஒரு கையளவு இடத்தில் வந்து விழுகிறது. வேகம் இரு மடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். மூக்குப்பகுதி நசுங்கலாம், முன்கண்ணாடி விரிசலடையலாம், இயந்திரத்தினுள் புகுந்தால் அதன் சுழல் தகடுகள் சிதைந்து, பெருத்த ஓசையும் தீச்சுவாலையும் எழலாம்.

பறவை மோதல்கள் பெரும்பாலும் தரைக்கு அருகில், விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதுமே நேர்கின்றன. எதிர்பாராததைச் சமாளிக்க விமானிக்கு உயரமும் நேரமும் மிகக் குறைவாக உள்ள வேளையும் அதுவேயாகும். சாலையில் குறுக்கே வந்த ஆட்டுக்கு வண்டியைத் திருப்புவதுபோல் அங்கே விமானத்தைத் திருப்ப இயலாது. தாழ்ந்த உயரத்தில் திடீரென வளைத்தால் பறவையினும் பெரிய ஆபத்து விளையும்.

ஆகவே விமானிகள் முன்கூட்டியே ஆயத்தமாகின்றனர். எழும்புவதற்கு முன் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைக்கின்றனர். அவ்வேகத்தை எட்டுமுன் பறவை மோதி இயந்திரம் பழுதுற்றால் விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்திவிடலாம். அதைக் கடந்தபின் நிறுத்த முயன்றால் பாதை போதாது. எழும்பியே ஆக வேண்டும். இரட்டை இயந்திர விமானங்கள் ஒன்று செயலிழப்பினும் மற்றொன்றைக் கொண்டு மேலேறும்படி அமைக்கப்பட்டுள்ளன. விமானி முதலில் விமானத்தை நேராகப் பறக்கச் செய்கிறார். பிறகே பழுதுற்ற இயந்திரத்தை முறைப்படி நிறுத்துகிறார். கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவித்துத் திரும்பி இறங்குகிறார். பதற்றமின்றி, பழகிய வரிசையில் செய்வதே இங்கு உயிர் காக்கிறது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் 185 பயணிகள் இருந்தனர். எழும்பும்போது பறவை மோதி ஓர் இயந்திரத்தில் தீப்பற்றியது. கேப்டன் மோனிகா கன்னாவும் துணை விமானி பல்பிரீத் சிங் பாட்டியாவும் அந்த இயந்திரத்தை நிறுத்தி, மற்றொன்றின் துணையால் பாட்னாவிலேயே பத்திரமாக இறக்கினர். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்தபோது, கேப்டன் சல்லன்பர்கர் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார். பறவை மோதியதிலிருந்து நீரில் இறங்கும்வரை அவருக்குக் கிடைத்தது மூன்றரை நிமிடமே. 155 பேரும் உயிர் தப்பினர்.

ஆனால் திறமை மட்டும் எப்போதும் போதுமானதன்று. 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எழும்பிய விமானம், நம்மூர் மைனாவின் இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகளின் கூட்டத்துள் புகுந்து வீழ்ந்தது. இருந்த 72 பேரில் 62 பேர் மாண்டனர். அதன் பிறகே, இயந்திரங்கள் பறவையை விழுங்கினாலும் தாங்குகின்றனவா என்று சோதிக்கும் விதிகள் கடுமையாயின.

நம் திருவனந்தபுரத்துக்கு வருவோம். அங்கே ஓடுபாதை கடலோரத்தில் சங்குமுகத்தை அடுத்து அமைந்துள்ளது. ஒருபுறம் மீன் வரும் கரை. மறுபுறம் நெருங்கிய குடியிருப்பு. மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் எங்கே குவிகின்றனவோ அங்கே பருந்தும் காகமும் கூடும். மழை பெய்தால் புல்வெளியில் புழுவும் தவளையும் பெருகிக் கொக்குகளை அழைக்கும். 2025 மார்ச்சு மாதத்தில் பெங்களூருக்குப் புறப்படவிருந்த இண்டிகோ விமானம் ஒன்று பறவை மோதியதால் ரத்து செய்யப்பட்டது. அன்று உயிர்ச்சேதம் இல்லை. பயணிகள் காத்திருந்ததோடு போயிற்று.

அதே ஓடுபாதையில் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் கடலுக்குச் செல்வதற்காக விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்தி வைப்பதை நாம் அறிவோம். ஊர்வலத்துக்கு முன்னறிவிப்பு உண்டு. உலகமெங்கும் விமானிகளுக்கு அது தெரிவிக்கப்படுகிறது. பருந்துக்கோ முன்னறிவிப்பு இல்லை. அதை வரவழைப்பது நாம் எறியும் கழிவேயாகும்.

நிலையத்தார் வெடி வெடித்தும், ஓசை எழுப்பியும், புல்லை வெட்டியும் பறவைகளை விரட்டுகின்றனர். ஆயினும் உணவு கிடக்கும்வரை விரட்டிய பறவை மீண்டும் வரும். இதை உணர்ந்தே 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆவது விதி, விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விலங்குகளை அறுப்பதையும், பறவைகளை ஈர்க்கும் குப்பையைக் கொட்டுவதையும் தடை செய்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. வீட்டு வாசலிலும் கடைத் தெருவிலும் இருக்க வேண்டும்.

நெய்யாற்றின்கரை அப்பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் உறவினர் பலர் திருவனந்தபுரம் நகரில் குடியிருக்கின்றனர். நம் பிள்ளைகள் அங்கே கடை வைத்திருக்கின்றனர். கலியாண வீட்டு எச்சில் இலையையும், கோழிக்கடைக் கழிவையும் இரவில் மூட்டை கட்டி வழியோரத்தில் எறியும் வழக்கம் நம்மிடையேயும் இல்லையென்று சொல்ல முடியுமா? பருந்து நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும். எல்லைக்கல்லை அது அறியாது.

ஆகையால் அன்பர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டுகிறோம். வீட்டுக் கழிவை மண்ணில் புதைத்து உரமாக்குங்கள். கடைக்காரர் கழிவைத் திறந்தவெளியில் கொட்டக் கண்டால் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ முறையிடுங்கள். விமான நிலையத்தின் அருகே வாழும் உறவினருக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். வானத்தில் விமானி தம் கடமையைச் செய்கிறார். தரையில் நம் கடமை மீதமிருக்கிறது. அந்த விமானத்தில் அமர்ந்திருப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.